தொழில், தெரு: வடசென்னையில் ஓபி பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதும் ஓபி சீட்டுகள் நிறைய என் மெஷின் கண்ணாடியில் கவிழ்ந்து படுத்துவிட்டுத்தான் வேறெங்கும் போகின்றன. காப்பீட்டு அட்டைக்கு ஒரு நகல், பிள்ளையின் லீவ் லெட்டரோடு வைக்க ஒரு நகல், இந்த வாரம் தவணை கட்ட முடியவில்லை என்று குழுக் கடன் வசூலிக்க வருகிறவரிடம் காட்ட ஒரு நகல். 18 வருடமாகப் படிப்பதால், மருந்துக் கடைக்காரருக்கு அடுத்தபடியாக உங்கள் கையெழுத்து புரிவது எனக்குத்தான். கேட் போட்டுவிட்டால் சனங்கள் என் கடை நிழலில்தான் நிற்பார்கள். சீட்டில் இல்லாத மீதிக் கதையெல்லாம் அப்போது வெளியே வரும்.

சீட்டில் பெயர் இருக்கும், வயது இருக்கும், ஆணா பெண்ணா என்று இருக்கும். இருமல், 3 வாரம். சுகர், பிபி. கீழே மாத்திரை. அவர் என்ன வேலை செய்கிறார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பது மட்டும் இருக்காது. அந்த இரண்டையும் எழுதச் சொல்லத்தான் இந்த மடல்.

காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா ஒருவர் வருவார். மூன்று மாதத்தில் மூன்று சீட்டு. மூன்றிலும் நீர்க்கடுப்பு, மூன்றிலும் ஆன்டிபயாடிக். கடைசிச் சீட்டின் ஓரத்தில் 'தண்ணீர் நிறைய குடிக்கவும்' என்று தமிழிலேயே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது. நான் வாசித்துக் காட்டியதும் அக்கா சிரித்துவிட்டார். விடியற்காலை 3 மணிக்குப் பலகை போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியம் ஆகும். ஒதுங்க இடம் தள்ளி இருக்கிறது. போய்விட்டு வருவதற்குள் மீன் வாங்கி வந்தவர் பக்கத்துப் பலகைக்குப் போய்விடுவார். அதனால் முந்தின ராத்திரியே தண்ணீரைக் குறைத்துக்கொள்வாராம். "காலையில ஒரு டீ. அதுவும் பாதிதான் குடிப்பேன்" என்றார். மருந்து சரியான மருந்துதான், சந்தேகமில்லை. 'என்ன வேலைம்மா செய்றீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அடிக்கோடு வேறு எங்காவது விழுந்திருக்கும்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. நர்சிங் மாணவிகளின் ப்ராஜெக்ட்டுக்கு பைண்டிங் போடும்போது படித்துவிடுவது என் வழக்கம். இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர், நோயாளியிடம் கேட்பவற்றோடு 'உன் தொழில் என்ன' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 1700-லேயே எழுதிவிட்டாராம். தெருவுக்கு ஜான் ஸ்னோ இருக்கிறார். 1854-ல் லண்டனில் காலரா வந்தபோது, செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, எந்தத் தெருக்குழாய்த் தண்ணீரால் நோய் பரவியது என்று காட்டியவர். அவரை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அப்பா ஹார்பர் குடோனில் மூட்டை தூக்கியவர். 2011-ல் அவருக்கு டிபி. ஒரு மருத்துவமனையில் மருந்தை இலவசமாகத் தந்தார்கள், கனிவாகவும் பேசினார்கள். 'முட்டை, பால், பருப்பு நல்லா சாப்பிடுங்க, காத்தோட்டமான ரூம்ல தனியா படுங்க' என்றார்கள். பத்துக்குப் பத்து அறையில் நாங்கள் ஆறு பேர். காற்றோட்டம் வேண்டுமென்றால் வாசற்படிதான். அங்கேயே படுத்தார், குணமும் ஆனார். அடுத்த வருடம் தம்பிக்கு வந்தது. அப்பா மருந்து ஆரம்பிக்கும் முன்பே கிருமி அவனுக்குள் போயிருக்கும் என்றார்கள். ஆறு பேரில் அவன்தான் ஒல்லி.

இதில் எனக்கு ரொம்ப நாள் ஒரு குழப்பம் இருந்தது. 1956-ல் மதராஸில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து எடுத்தவர்களையும், நெரிசலான வீட்டிலேயே இருந்து அதே மருந்தை எடுத்த ஏழைகளையும் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். 1959-ல் வந்த இந்த முடிவைப் பார்த்துத்தான் வீட்டில் வைத்தே வைத்தியம் பார்ப்பது உலகம் முழுக்கப் பரவியது. அப்படியென்றால் சோறு முக்கியமில்லையா? அதற்குப் பதில் 2023-ல் வந்தது. இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் அதே காசநோய் மையமும் சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வில், டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அப்பாவை மருந்து காப்பாற்றியது. தம்பியை அரிசியும் பருப்பும் காப்பாற்றியிருக்கலாம். டிபி நோயாளிக்குச் சத்தான சாப்பாட்டுக்கென்று அரசிடமிருந்து 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. நாளுக்கு 33 ரூபாய். அது நோயாளியின் கணக்குக்கு வருகிறது, வீட்டில் சட்டி ஒன்றுதான்.

சரி, தெரு எதற்கு? போன மழைக்காலத்தில் எங்கள் கைப்பம்பில் தண்ணீர் மஞ்சளாக, சாக்கடை வாடையோடு வந்தது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். "உங்க ஒரு வீட்லதான் புகார். வேற யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்றார் அங்கிருந்தவர். அந்த வாரம் எங்கள் தெருவும் அடுத்த தெருவுமாக 11 பேர் வயிற்றுப்போக்குக்குப் பார்த்த சீட்டை என் கடையில் நகல் எடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது, அதில்தான் தெரு இல்லையே. பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் மணலி தொழிற்பகுதியின் மாசுக்கு நூற்றுக்கு 76.32 மதிப்பெண் போட்டது. பரீட்சை என்றால் சாக்லெட் வாங்கித் தரலாம், இதில் மார்க் ஏற ஏற ஆபத்து. ஊருக்கு மார்க் இருக்கிறது. அந்த ஊர்க் காற்றை இழுத்த பிள்ளையின் சீட்டில் 'வீசிங்' என்று ஒரு சொல்தான் இருக்கிறது. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையா, கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியா, ஒழுகும் சுவரின் பூஞ்சையா? 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்து, சனங்கள் மூச்சு முட்டி எழுந்து ஓடியது எல்லோருக்கும் தெரியும், ஒரே ராத்திரியில் நடந்ததால். மாதத்துக்கு நாலு பேராக வெவ்வேறு ஓபியில் வந்து உட்காருகிறவர்களை யார் கூட்டிப் பார்ப்பது?

வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது, ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், நானே அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். வீடும் கழிப்பறையும் கட்டித் தருவது உங்கள் வேலையும் இல்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்ததிலிருந்து சுகர், பிபி மாத்திரை வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொண்டு வரும் பெண்ணுக்கு எந்த வீட்டில் யார், என்ன வேலை என்பதெல்லாம் அத்துப்படி. அவரைப் போன்றவர்களிடம் கேட்டால் தெருவை நிரப்பிவிடுவார்கள். மாதக் கடைசியில் தெருவாரியாக, தொழில்வாரியாக எண்ணி, ஓபி வாசலில் ஒட்டுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதை நகல் எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

சீட்டைப் புதிதாக அச்சடிக்க உத்தரவு வேண்டும், டெண்டர் வேண்டும் என்பார்கள். வேண்டாம். என் கடையில் ரப்பர் ஸ்டாம்ப்பும் செய்கிறோம். 'தொழில்: தெரு:' என்று இரண்டு வரியில் மாதிரி ஒன்று செய்து, நீல மையும் ஊற்றி வைத்திருக்கிறேன். ஓபி சீட்டின் மேல் ஓரத்தில், வயதுக்குப் பக்கத்தில் சரியாக உட்காருகிறது, அடித்துப் பார்த்துவிட்டேன். காசு வேண்டாம். கேட் திறந்திருக்கிற நேரமாகப் பார்த்து ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்காரி