மண்டேலாவுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டேலா பிறந்த நாளுக்காக நீங்கள் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது. 2013இல் அவர் இறந்தபோது கோவையில் வைத்த அஞ்சலிப் பலகையில் ஹாலிவுட் நடிகர் மோர்கன் ஃப்ரீமன் படத்தைப் போட்டு, உலகமே சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் இதழில் முகம் சரிதான். ஆள்தான் வேறு.

‘காந்தியடிகளின் வழியில், கடைசிவரை ஆயுதத்தை மனதாலும் நினைக்காமல் போராடி வென்றவர்’ என்று மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்கவும் இல்லை. 1961இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை எதிர்க்க ‘உம்கொண்டோ வெ சிஸ்வே’ என்ற ஆயுதப் பிரிவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அதன் முதல் தளபதியும் அவரே. 1962இல் ரகசியமாக நாட்டை விட்டு வெளியேறி, எத்தியோப்பியாவில் ராணுவப் பயிற்சி எடுத்துக்கொண்டார். எதிரிகள் கட்டிவிட்ட கதை அல்ல இது. 1964 ஏப்ரல் 20 அன்று பிரிட்டோரியாவில் குற்றவாளிக் கூண்டில் நின்று, நாசவேலைக்குத் திட்டமிட்டதை மறுக்கவில்லை என்று அவரே சொன்னார். தூக்கு விழலாம் என்று தெரிந்தே சொன்னார். இதையெல்லாம் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தேதான் விட்டிருப்பீர்கள். கோபம் வருவதும் அதனால்தான்.

அவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்று சொல்ல உங்களுக்கு இடமில்லை. குக்கர் விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருந்தது, சரி. 1952இல் சட்ட மறுப்பு இயக்கத்தின் தொண்டர் படைக்குத் தலைமை வகித்தவர் மண்டேலா. வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய வாசலில் நுழைவது, கறுப்பர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய ‘பாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் நடப்பது, இவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். எட்டாயிரம் பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். சட்டத்தை மீறிப் போராடுகிறவருக்குச் சவுக்கடி கொடுக்கலாம் என்று அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில், பாஸ் சட்டத்தை எதிர்த்துக் காவல் நிலையத்தின் முன் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். பலருக்கு முதுகில் குண்டு. அடுத்த மாதமே மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸைத் தடை செய்தார்கள். 1912இலிருந்து மனுவும் தூதும் ஊர்வலமுமாக இருந்த கட்சி அது.

ஆயுதம் எடுத்தபோதும் அவர் கண்மூடித்தனமாக எடுக்கவில்லை. நாசவேலை, கெரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி என்று நான்கு வழிகள் முன்னால் இருந்தன. உயிர்ச்சேதம் இல்லாததும், நாளைக்கு வெள்ளையரோடு சேர்ந்து வாழ வழி விடுவதும் முதலாவதுதான் என்று அதைத் தேர்ந்தோம் என நீதிமன்றத்தில் விளக்கினார். பின்னாளில், அவர் சிறையில் இருந்தபோது, 1983இல் பிரிட்டோரியா சர்ச் தெருவில் அதே அமைப்பு வைத்த குண்டில் 19 பேர் இறந்தார்கள். அதையும் எழுதுங்களேன், யார் வேண்டாம் என்றது?

நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். நான் தயார்செய்த ஒரு மாணவி மாவட்டப் பேச்சுப் போட்டியில் 1964இல் மண்டேலா கூண்டில் நின்ற அந்த ரிவோனியா வழக்கைப் பற்றிப் பேசினாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை, தடுமாறாமல் பேசினாள். நடுவராக வந்த பெரியவர், “அவ்வளவு பெரிய தலைவரைத் தீவிரவாதி ஆக்கிட்டியேம்மா” என்று மேடையிலேயே சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார். நான் போய்க் கேட்டேன். பையிலிருந்து ஆதாரம் எடுத்துக் காட்டினார். உங்கள் இதழின் பழைய கட்டுரை, கத்தரித்து வைத்திருந்தார். அதிலும் ஏறக்குறைய இதே வரி! முதல் பரிசு வாங்கிய பையன், மண்டேலா ராபன் தீவுச் சிறையில் 27 ஆண்டு இருந்தார் என்று முழங்கினான். அங்கே இருந்தது 18 ஆண்டு. 1982இல் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றினார்கள், அப்புறம் விக்டர் வெர்ஸ்டர். இந்த வாரக் கட்டுரையில் நீங்களும் 27 ஆண்டும் அவரைத் தீவிலேயே வைத்திருக்கிறீர்கள்.

சிறையைப் பற்றி எழுத ஆசையிருந்தால் இதை எழுதியிருக்கலாம். ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற எட்டுப் பேரில் டெனிஸ் கோல்ட்பெர்க் வெள்ளையர். அவரை மட்டும் தீவுக்கு அனுப்பாமல் பிரிட்டோரியாவில் வைத்தார்கள், ஏனென்றால் சிறையிலும் நிறம் பார்த்தாக வேண்டும். தீவில் இந்தியரான அகமது கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டையும் ரொட்டியும். மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை, ரொட்டி கிடையாது. ஒரே வழக்கு, ஒரே தண்டனை.

1985இல் அதிபர் போத்தா ஒரு பேரம் பேசினார். வன்முறையை நிபந்தனையின்றி நிராகரிப்பதாகச் சொன்னால் போதும், வெளியே விடுகிறோம் என்றார். மண்டேலா மறுத்தார். முதலில் போத்தா வன்முறையைக் கைவிடட்டும் என்ற அவருடைய பதிலை மகள் சின்ட்ஸி சொவெட்டோ மைதானத்தில் வாசித்தார். அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டு உள்ளேயே இருந்தார். ஆயுதப் போராட்டத்தை நிறுத்தி வைத்தது 1990 ஆகஸ்டில், விடுதலையாகி, பேச்சுவார்த்தை நடந்த பிறகு. விடுதலைக்கு விலையாகக் கேட்டும் அவர் எழுதித் தராத அந்த வரியை, நீங்கள் அவர் பேரில் இலவசமாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் கட்டுரைப்படி, போத்தாவுக்குப் பின் வந்த அதிபர் டி கிளார்க் ‘பெருந்தன்மையோடு’ விடுவித்தாராம். கறுப்பர் வாழ்ந்த நகரியங்களில் 1984இலிருந்து எரிந்த போராட்டத் தீயும், கடனைப் புதுப்பிக்க மாட்டோம் என்று வெளிநாட்டு வங்கிகள் கைவிரித்ததும், 1986இல் அதிபர் ரீகனின் வீட்டோவையும் தாண்டி அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட பொருளாதாரத் தடைச் சட்டமும் பெருந்தன்மைக் கணக்கில் வராது போலிருக்கிறது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியாட்டத்தையே தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விட்டுக்கொடுத்தது. நம் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி. அதற்கும் ஒரு வரி இல்லை.

காந்தி பெயரை இழுத்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு நின்று திரும்பத் திரும்பச் சிறைக்குப் போன தம்பி நாயுடுவை உங்களுக்குத் தெரியும். அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு அதே உம்கொண்டோ வெ சிஸ்வேயில் சேர்ந்து, 1963இல் நாசவேலைக்குப் போன இடத்தில் போலீஸ் குண்டு பட்டுப் பிடிபட்டு, பத்தாண்டு தண்டனையை ராபன் தீவில் கழித்தார். பேத்தி சாந்தி, மண்டேலாவின் மனைவி வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துச் சிறையில் வதைபட்டார். தாத்தா சத்தியாகிரகி, பேரன் ஆயுதப் பிரிவு. உங்கள் கட்டுரையாளர் இந்தக் குடும்பத்தை எந்தப் பத்தியில் வைப்பார்? பேரனை வெட்டிவிட்டுத் தாத்தாவை மட்டும் அச்சிடுவாரா?

வெட்டுவது உங்களுக்குப் புதிதல்ல. தில்லையாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். வள்ளியம்மை அங்கே பிறந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அது அவருடைய பெற்றோரின் ஊர், அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில் என்று அப்போதே கடிதம் போட்டேன். ‘கட்டுரை சிறப்பு’ என்று மரியாதைக்கு எழுதிய முதல் வரியை மட்டும் பிரசுரித்து, கீழே என் பெயரையும் போட்டீர்கள். பார்த்தவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். இந்த முறை அந்த வசதிக்கு இடம் வைக்காமல்தான் எழுதியிருக்கிறேன்.

அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் போடுங்கள், போதும். உங்கள் இதழ் பள்ளி நூலகங்களுக்குப் போகிறது. ஆகவே ராசிபலன் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வரட்டும். ஒரு பிரதியை நானே விலைக்கு வாங்கி அந்த நடுவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பொறையாறு.