அந்த லீக்ஸைச் சமைக்காதே

மச்சான்,

மூன்று கடிதத்துக்குப் பதில் போடாத பாவி எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலியும் வாயும் வழக்கம் போலத்தான். கட்டையன் மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். தலவாக்கலை டவுனில் கண்டால் இப்போதும் "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை லொறியில் கொடுத்துவிட்ட லீக்ஸும் பசளியும் வந்ததா? மிச்சமிருந்தால் குப்பையில் போடு. சாப்பிட்டிருந்தால் பதறாதே, ஒரு வேளைக் கறியால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மூன்று வருஷமாக மாதாமாதம் அனுப்பினேனே, அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

எங்கள் மரக்கறிப் பாத்தி இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது? கராஜ்! பழைய பற்றரியை உடைத்து, அசிட்டை வேலியோரம் ஊற்றுவார்கள். நாமிருவரும் ஈயத் தட்டுகளைப் பொறுக்கிப் பால்டின்னில் உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு செய்தோம். நீ கையைச் சுட்டுக்கொண்டு, அடுப்பு சுட்டது என்று வீட்டில் புளுகினாய். கராஜை மூடியபின் அங்கே புல்கூட முளைக்கவில்லை. அம்மாதான் மாட்டெரு போட்டு, மண்ணைக் கொத்தி, பாத்தி கட்டி விளைய வைத்தார். பத்து வருஷமாக அதுதான் அவருடைய பெருமை.

பேராதனையில் விவசாயம் படிக்கிற அக்கா மகள் லீவுக்கு வந்தாள். லீக்ஸ் பிடுங்கும்போது மண்ணோடு ஒரு தட்டு வந்தது, விரல் நீளம், வெள்ளை பூத்துப்போய். அவள் முகம் மாறிவிட்டது. முதல் வேலையாக என் சின்னவனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு ஐந்தாறு இடத்தில் மண்ணெடுத்துப் பையில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. நடந்ததைப் பார்த்தவன் நான், எனக்கு முடிவு எதற்கு?

ஈயம் மக்கிப் போகாதாம், மேல்மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகக் கிடக்குமாம். செடி அதை இலைக்கு ஏற்றுவது கொஞ்சம்தான். ஒட்டியிருக்கும் மண்ணும் தூசும்தான் வில்லன். லீக்ஸைப் பிரித்துப் பார், அடுக்குக்கு அடுக்கு மண். கொதிக்க வைத்தாலும் உலோகம் சாகாது. கட்மியம் என்று இன்னொரு நச்சு உலோகம் இருக்கிறது, அது வேறு ஜாதி. அது வேரிலிருந்து நேராக இலைக்கு ஏறுகிறது, அதுவும் நம் தேயிலை மண் போலப் புளித்த மண்ணில் சுலபமாக. கராஜே இல்லாத காணிக்கும் பொஸ்பேட் பசளையோடு அது வந்து சேர்கிறது. கீரைக்குச் சர்வதேச வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்தான். உள்ளே போனது சிறுநீரகத்தில் பத்து, இருபது வருஷம் குடியிருக்கும். ஜப்பானில் சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பே நொறுங்கியது. நோயின் பெயர் 'இத்தாய் இத்தாய்'. 'வலிக்குது, வலிக்குது' என்று அர்த்தமாம். 1968இல்தான் அந்த நாட்டு அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது.

அம்மாவிடம் சொன்னேன். "பத்து வருஷமா தின்னுக்கிட்டுத்தானே இருக்கோம், யாரு செத்துப்போனா?" என்றார். என்னிடம் பதில் இல்லை, மச்சான். ஈயம் ஆளைக் கொன்று காட்டுவதில்லை. பிள்ளையின் மூளையை அது சத்தமில்லாமல் மந்தமாக்கும். இவ்வளவு ஈயம் இருந்தால் பிள்ளைக்குப் பாதகமில்லை என்று ஓர் அளவே கிடையாதாம். சின்னவனுக்கு நாலு வயது. அந்தப் பாத்திக்குள்தான் விளையாடுவான், விரல் எப்போதும் வாயில். அவனுக்கு எழுத்து பிந்துகிறதே என்று போன மாதம் நான் அவனை அதட்டினேன். இரத்தம் சோதிக்கக் கண்டிக்குக் கூட்டிப்போகப் போகிறேன். அவன் அம்மாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

நேற்று எல்லாப் பாத்தியையும் பிடுங்கினேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை பார்த்தால், மேட்டிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து ஐந்து உரப்பையில் நிரப்பிப் போஞ்சி ஊன்றியிருக்கிறார். காயில் உலோகம் ஏறுவது குறைவு என்று பேத்தி சொன்னாளாம். நான் சொன்னால் மட்டும் ஏறாது!

காய்த்தால் அனுப்புகிறேன். அப்புறம், அந்தத் தூண்டில் குண்டு ஒன்றை ஞாபகத்துக்காக மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன் என்றாயே, அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வை.

உன்,
வாய்ப்பாடு