படிக்கப் போவதென்றால் இப்போதே போ, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

போனில் கதைக்கும்போது "இந்த வயதில் இனிப் போய் வகுப்பில் இருக்கிறதா அம்மா" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதுதான் எழுதுகிறேன்.

நீ இருக்கிற சுவீடனில் படிக்க லீவு கேட்டால் முதலாளி கொஞ்சக் காலம் தள்ளிப்போடலாம், மறுக்க முடியாது. 1975 முதல் அதுதான் சட்டம். 2022 இல் காசும் சேர்ந்தது: கடைசி 14 வருடத்தில் 8 வருடம் வேலை செய்திருந்தால், ஓர் உச்சவரம்புக்குள் சம்பளத்தின் 80 சதவீதம் வரை, முழுநேரப் படிப்பென்றால் 44 கிழமைக்குக் கிடைக்கும். இங்கே நோர்வேயில் எங்களுக்கு மூன்று வருடம் வரை லீவு உண்டு, ஆனால் சம்பளம் இல்லை, லோனெகாசன் என்ற அரசாங்க நிதியம் தரும் படிப்புக் கடனை நம்பித்தான் இருக்க வேண்டும். அந்த வகையில் உன்னுடைய இடம் எவ்வளவோ மேல்.

ஆனால் நோர்வேயில் நல்லதொன்று இருக்கிறது. ஐந்து வருடம் ஒரு தொழிலைச் செய்தவர் பள்ளிக்கூடம் போகாமலே சோதனை எழுதி ஃபாக்பிரேவ் என்ற தொழிற்சான்றிதழ் எடுக்கலாம். நான் முதியோர் இல்லத்தில் அப்படித்தான் எடுத்தேன். எழுத்துச் சோதனைக்குப் பிறகு செய்முறை. நான் ஒரு பாட்டியைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றுவதைச் சோதகர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், முடிந்ததும் ஏன் இடது கையை முதலில் சட்டைக்குள் விட்டாய் என்று கேட்டார்கள். அந்தக் கை வாதத்தில் விழுந்த கை, அதை முதலில் விட்டால்தான் நோகாது என்றேன். அதுவரை வேலைத்தலத்தில் என்னிடம் யாரும் "ஏன்" என்று கேட்டதில்லை. அதன் பிறகு கூட்டங்களில் நானும் வாய் திறந்தேன்.

டென்மார்க்கில் இது இன்னும் சாதாரணம். துப்புரவு வேலை செய்கிறவரும் வெல்டிங் செய்கிறவரும் ஆமு என்ற தொழிற்பயிற்சி வகுப்புக்குச் சில நாள் போய்வருவார்கள், என்ன படிப்பிக்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்கமும் முதலாளிமாரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். சோதனையும் புள்ளியும் இல்லாத நாட்டார் உயர்பள்ளியை 1844 இல் றொடிங் என்ற ஊரில் முதலில் தொடங்கியதும் அவர்கள்தான். 80களில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் நோர்வேக்கு வந்து இறங்கியதும் அப்படியான பள்ளிகளின் மாணவர்களாகத்தானே, உன் மாமா உட்பட.

ஐரோப்பாவின் புத்தாக்கப் பட்டியலில் டென்மார்க்கும் சுவீடனும் முன்னுக்கு நிற்பதற்கு ஆய்வுகூடங்கள் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வேலையைக் கையால் செய்கிறவரும் படித்துவிட்டு வந்து "இதை வேறு மாதிரிச் செய்யலாமே" என்று சொல்ல முடிவதும் ஒரு காரணம்.

ஆனால் இந்த உதவிகள் எப்போதும் இருக்கும் என்று இருந்துவிடாதே. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2024 கடைசியில் வெளியிட்ட கணக்கெடுப்பில், 31 நாடுகளில் பெரியவர்களின் வாசிப்புத் திறனில் முதலிடம் பின்லாந்துக்கு. அதே பின்லாந்து அதே வருடம்தான் வேலை செய்பவர்கள் படிப்பதற்குக் கொடுத்த உதவித்தொகையை நிறுத்தியது. எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது.

வயதைப் பற்றி யோசிக்காதே. உன் வகுப்பில் பாதிப்பேர் பிள்ளை குட்டிக்காரராக இருப்பார்கள். முதலில் உன் தொழிற்சங்கத்தில் கேள், எந்தப் படிப்புக்கு உதவி கிடைக்கும் என்று வழிகாட்டுவார்கள். இந்தக் காசைக் கொடுக்கிற அரசாங்க அலுவலகமான சி.எஸ்.என். இல் விண்ணப்பம் திறக்கிற அன்றைக்கே போட்டுவிடு, தொடக்கத்தில் விண்ணப்பங்கள் குவிந்து பலர் மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சின்னவனைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல், நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா