ராலியா, கர்க்கா? டொராண்டோ நண்பனுக்கு ஒரு கடிதம்

சியாட்டில்,
டிசம்பர் 2025

அன்பு நண்பன் சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். மழைதான் விடுவதாகத் தெரியவில்லை. இளையவள் பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவளாக, உட்கார ஆரம்பித்திருக்கிறாள். அதனால் இந்த ஆண்டு பேஸ்பாலில் சிறந்த கேட்சர் யார் என்று நீ கடிதத்தில் கிளப்பியிருக்கும் வழக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உன் கட்சிக்கு இங்கே ஆதரவு குறைவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சியாட்டில் அணியின் கேட்சர் கேல் ராலி அடித்த 60 ஹோம் ரன்களும் (நம் சிக்ஸர் மாதிரி) அவருடைய மட்டையின் சாதனை, ஆகவே மட்டைக்குரிய பரிசை அவருக்குக் கொடுத்துவிட்டு, சிறந்த கேட்சர் என்ற பெயரை உங்கள் ஊர் அலெஹாண்ட்ரோ கர்க்கின் கையுறைக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இந்த வாதம் உன்னிடமிருந்து வந்ததில் எனக்கு வியப்பே இல்லை. 2003 உலகக் கோப்பையில் கூடுதலாக ஒரு மட்டையாளருக்கு இடம் வேண்டும் என்பதற்காக ராகுல் டிராவிடிடம் கீப்பிங் கையுறையைக் கொடுத்தபோது, கீப்பர் என்றால் முதலில் கீப்பராக இருக்க வேண்டும் என்று நீ கொதித்ததை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, சேகர். அடுத்த பந்தை எப்படிப் போட வேண்டும் என்று விக்கெட் கீப்பர் பந்துவீச்சாளருக்கு உத்தரவிடுவதில்லை. பேஸ்பாலில் ஏறத்தாழ ஒவ்வொரு பந்துக்கும் கேட்சரின் யோசனை முன்னே போகிறது. ஓர் ஆட்டத்தில் 150 பந்துகள் வரை வருகின்றன. எதிரே நிற்கும் மட்டையாளர் யார், அவருக்கு எது பிடிக்காது, பந்து வீசும் தன் பிட்சரின் கையில் இன்று எது சரியாக விழுகிறது என்று கணக்குப் போட்டு, 2022 முதல் பயன்பாட்டில் உள்ள பிட்ச்காம் என்ற தகவல் கருவியின் பொத்தானை அழுத்திப் பிட்சருக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பந்தைத் தானே வாங்கவும் வேண்டும். இத்தனையும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி. அதன் வலி இப்போது உனக்குத் தெரிந்திருக்குமே!

கர்க்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. டிஹுவானாவிலிருந்து வந்தவர், 5 அடி 8 அங்குல உயரத்தில், பார்ப்பவர்கள் விளையாட்டு வீரர் என்றே நம்பமாட்டாத உடல்வாகு. ஆனால் தாழ்ந்து வரும் பந்தை அவர் வாங்கும் விதத்தில் ஒரு துளி பதற்றம் கிடையாது. ஸ்ட்ரைக் எல்லையின், அதாவது பந்து ஸ்ட்ரைக் என்று கணக்காகும் கற்பனைக் கட்டத்தின், விளிம்பில் விழும் பந்தை, கையுறை வெளிப்பக்கம் இழுபடாமல், அம்பயர் கண்ணுக்கு உள்ளே வந்ததாகவே தோன்றும்படி பிடிக்கும் ஃப்ரேமிங் கலையில், இரு பெரும் லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அவரை மிஞ்ச ஆள் தேடவேண்டும். மண்ணில் குத்தி வரும் பந்தை மார்பைக் கொடுத்துத் தடுப்பதிலும் அப்படியே. அதோடு 2025-இல் .282 சராசரியும் (நூறு வாய்ப்பில் 28 முறை நல்ல அடி) 15 ஹோம் ரன்களும். இவ்வளவு இருந்தும் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் குளோவ் விருது டெட்ராய்ட்டின் தில்லன் டிங்லருக்குப் போனதில் உனக்கிருக்கும் கசப்பு எனக்குப் புரிகிறது. நானாக இருந்தால் கர்க்குக்குத்தான் கொடுத்திருப்பேன்.

ஆனால் கையுறையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதானால், நீ கர்க்கிடமும் நிற்க முடியாது. சான் பிரான்சிஸ்கோவின் பேட்ரிக் பெய்லியிடம் போக வேண்டும். விளிம்புப் பந்துகளை ஸ்ட்ரைக்காக மாற்றுவதில் இந்த மூன்று ஆண்டுகளில் அவருக்கு நிகர் இல்லை. 2024, 2025 இரண்டிலும் மற்றொரு லீகான நேஷனல் லீகின் கோல்ட் குளோவ் அவருடையது. அவருடைய மட்டையோ .222 சராசரியோடும் 6 ஹோம் ரன்களோடும் நின்றுவிட்டது. அந்த ஆறில் ஒன்று, ஜூலையில் பிலடெல்ஃபியாவுக்கு எதிராக, மைதானத்துக்குள்ளேயே பந்து உருண்டோட அவர் நான்கு தளங்களையும் ஓடிமுடித்து ஆட்டத்தை வென்ற அதிசயம் என்பது வேறு கதை. பெய்லிதான் சிறந்தவர் என்று சொல்ல நீயே தயங்குவாய். தயங்கும்போதே, மட்டையும் கணக்கில் சேர வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டாய்.

மட்டையைச் சேர்த்துவிட்டால், அதைக் கேட்சர் பதவியோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். முதல் தளத்தில் நிற்கும் ஒருவர் 30 ஹோம் ரன் அடித்தால் அணிக்கு நல்லது. அதையே ஒரு கேட்சர் அடித்தால், எதிரணியில் அதே இடத்தில் ஆடுபவரால் ஈடுகட்டவே முடியாத லாபம். விரல்கள் வீங்கியும் தொடைகள் இறுகியும் இருக்கும் மனிதரிடம் மட்டையைக் கொடுக்கிறார்கள் என்பதால்தான் கேட்சர்களின் சராசரி மற்ற பதவிகளைவிடத் தாழ்ந்திருக்கிறது. 1970-இல் ஜானி பெஞ்ச் 45 அடித்தபோது அதைப் பெரும் அதிசயமாகப் பேசினார்கள். 2021-இல் கான்சஸ் சிட்டியின் சால்வடார் பெரெஸ் 48 அடித்தார். கேட்சர் பதவியில் இருந்துகொண்டு இதற்கு மேல் முடியாது என்றே நான் நினைத்திருந்தேன். ராலி அதைத் தாண்டினார். இடம், வலம் இரு பக்கமும் நின்று மட்டை வீசுபவர்களில் 1961 முதல் நின்றிருந்த மிக்கி மேண்டிலின் 54-ஐத் தாண்டினார். இந்த ஊரில் கோயில் சிலைபோல் வைத்துப் பேசப்படும் கென் கிரிஃபி ஜூனியரின் 56-ஐயும் தாண்டினார். செப்டம்பர் 24 அன்று கொலராடோவுக்கு எதிராக 59, 60 இரண்டையும் ஒரே இரவில் அடித்து, அதே இரவில் 2001-க்குப் பிறகு முதன்முறையாக எங்களுக்குப் பிரிவுப் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். இரு லீகுகளின் வரலாறு முழுவதிலும் ஒரே சீசனில் 60-ஐத் தொட்டவர்கள் ஏழே பேர். அவர்களில் கேட்சர் இவர் ஒருவர்தான்.

நீ உடனே சொல்லப்போவது தெரியும்: ஏறத்தாழ 40 ஆட்டங்களில் அவர் கையுறையே அணியவில்லை, மட்டை பிடிக்க மட்டும் வந்தார் என்பாய். உண்மைதான். மற்ற கேட்சர்கள் கால்நீட்டி உட்கார்ந்திருக்கும் நாள்களிலும் இவர் மட்டையோடு வந்து நின்றார் என்பதுதான் அதன் பொருள். மொத்தம் 162-இல் 159 ஆட்டங்கள். .247 என்ற சராசரியைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி நிறைய ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆயினும் 125 ரன்களை உள்ளே கொண்டுவந்தவரைச் சராசரி ஒன்றை வைத்து அளப்பது நியாயமாகத் தெரியவில்லை. கையுறையையும் அவர் வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை: 2024-இல் கோல்ட் குளோவும், அதற்கு மேல் லீகின் எல்லாப் பதவிகளிலும் சிறந்த தடுப்பாளருக்கு வழங்கப்படும் பிளாட்டினம் குளோவும் வாங்கியவர் அவர். அப்போது நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றில், அக்டோபர் 10 இரவு டெட்ராய்ட்டுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? வழக்கமான 9-க்குப் பதில் 15 இன்னிங்ஸ், தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம், 3-2. வழக்கமாகத் தொடக்கப் பிட்சர்களாக வருகிறவர்கள்கூட இடையில் இறங்கிப் பந்து வீச வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் பிட்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அத்தனை பேருக்கும் எதிரே அதே ஒரு கேட்சர் உட்கார்ந்திருந்தார். புதிதாக வரும் ஒவ்வொரு கைக்கும் ஏற்றபடி திட்டத்தை மாற்றிக்கொண்டு, ஒரு பந்து தவறினாலும் சீசனே முடிந்துவிடும் என்ற நிலையில் 15 இன்னிங்ஸ் ஆடிய அந்த வேலை எந்த அட்டவணையிலும் சரியாக ஏறுவதில்லை. அதன் பிறகு அடுத்த தொடரில் உங்களிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். அன்றும் ராலி ஒரு ஹோம் ரன் அடித்துத்தான் இருந்தார். உங்கள் ஸ்பிரிங்கர் அடித்த ஹோம் ரன்னைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. உன் முந்தைய கடிதத்திலேயே நீ வேண்டிய மட்டும் பேசிவிட்டாய்.

உன்னைவிட எனக்கு அதிகத் தொல்லை கொடுப்பவர் லாஸ் ஏஞ்சலஸின் வில் ஸ்மித். (நடிகர் அல்லர், என் தங்கை போனில் கேட்டாள்.) செப்டம்பரில் பந்து பட்டு வலக்கையில் எலும்பு விரிசல் கண்டு, பிளேஆஃப்பின் முதல் சுற்றை வெளியே உட்கார்ந்து பார்த்தவர் அவர். சீசனில் .296 சராசரி, பத்துக்கு நான்கு முறை என்ற கணக்கில் தளத்தை எட்டினார். இரண்டு லீகிலுமாகப் பார்த்தால் கேட்சர்களில் இவ்வளவு நிதானமான மட்டை வேறு இல்லை. பிறகு உங்களுக்கு எதிரான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் அவர் என்ன செய்தார் என்பதை டொராண்டோக்காரனான உனக்கு நான் விவரிப்பது கொடுமை. என்றாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: 18 இன்னிங்ஸ் ஓடிய மூன்றாவது ஆட்டம் உட்பட, தொடரில் தன் அணி களத்தில் நின்ற 73 இன்னிங்ஸையும் அவர் ஒருவரே கேட்ச் செய்தார். வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் யாரும் இவ்வளவு செய்ததில்லை. 1903-இல் லூ க்ரைகர் செய்த 71-தான் அதுவரை உச்சம். ஏழாவது ஆட்டத்தின் 11-ஆவது இன்னிங்ஸில் உங்கள் பிட்சர் பீபரின் பந்தை வெளியே அனுப்பி அணியை முன்னே கொண்டுபோனவரும் அவரே. அதே இன்னிங்ஸின் மறுபாதியில் கர்க்கின் மட்டை முறிந்து உருண்ட பந்துதான் இரட்டை அவுட்டாகி எல்லாவற்றையும் முடித்தது. அது கர்க்கின் குற்றமில்லை. வேகமாக ஓடத் தெரிந்த ஒருவராக இருந்திருந்தால் முதல் தளத்தை எட்டியிருப்பாரோ என்ற எண்ணம் மட்டும் எனக்கு வந்தது. உனக்கும் வந்திருக்கும், நீ எழுதமாட்டாய்.

ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒரு கேட்சரைத் தேர்ந்தெடு என்றால் தயங்காமல் ஸ்மித்தைக் கேட்பேன். நமக்குள் நடப்பது ஓர் இரவைப் பற்றிய வழக்கு அன்று. ஏப்ரல் குளிரிலிருந்து செப்டம்பர் கடைசிவரை ஒரு கேட்சர் அணிக்கு என்ன கொடுத்தார் என்று பார்த்தால் ராலிதான் முன்னே நிற்கிறார். ஸ்மித் இரண்டாவது, கர்க் மூன்றாவது. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. வாக்கெடுப்பிலும் 30 முதலிட வாக்குகளில் 13 ராலிக்கு விழுந்தன. 17 பெற்று நியூயார்க்கின் ஆரன் ஜட்ஜ் வென்றார். .331 சராசரியும் 53 ஹோம் ரன்களும் உள்ள ஒருவருக்குக் கொடுத்ததைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் 2012-இல் பஸ்டர் போஸிக்குப் பிறகு எந்தக் கேட்சருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை என்பதையும், 60 அடித்தும் கிடைக்கவில்லை என்றால் இனி எந்தக் கேட்சருக்குத்தான் கிடைக்கும் என்பதையும் யோசித்துப் பார்.

உன் கட்சிக்கு 2026 இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. அம்பயரின் ஸ்ட்ரைக் தீர்ப்புகளை எதிர்த்துக் கருவியிடம் முறையிடும் ஏ.பி.எஸ். முறை வரும் சீசனிலிருந்து லீக் ஆட்டங்களில் நடைமுறைக்கு வருகிறது. ஓர் அணிக்கு இரண்டு முறையீடுகள். சரியாக இருந்தால் குறையாது, தவறினால் ஒன்று போய்விடும். மட்டையாளர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டுமே கேட்கலாம். தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்டி உடனே கேட்க வேண்டும், வெளியிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கொரியாவில் 2024 முதல் எல்லாப் பந்துகளையும் கருவியே தீர்மானிக்கிறது. அங்கே ஃப்ரேமிங்குக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், நெருக்கடியான கட்டங்களில் கர்க்கும் பெய்லியும் விளிம்பில் திருடிய ஸ்ட்ரைக்குகளை எதிரணி மட்டையாளர் திருப்பி வாங்கிவிடுவார். அந்த இடத்தில் கையின் சாமர்த்தியத்தைவிடக் கண்ணின் துல்லியம்தான் கேட்சருக்கு உதவும். ஜூலையில் அட்லாண்டாவில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இந்த முறையைச் சோதித்தபோது முதல் முறையீட்டைச் செய்தவர் யார் என்று நினைக்கிறாய்? ராலிதான். முதல் இன்னிங்ஸில் எதிரணி மட்டையாளர் மேனி மச்சாடோவுக்குப் பிட்சர் ஸ்கூபல் போட்ட பந்தை அம்பயர் 'பால்', அதாவது எல்லைக்கு வெளியே போனது, என்றார். ராலி ஹெல்மெட்டைத் தட்டினார். தீர்ப்பு மாறி மச்சாடோ வெளியேறினார். முந்தைய நாள் அதே மைதானத்தில் அவருடைய தந்தை பந்து போட, தம்பி பின்னால் உட்கார்ந்து பிடிக்க, ஹோம் ரன் அடிக்கும் போட்டியான ஹோம் ரன் டெர்பியை வென்ற முதல் கேட்சரும் அவரே. ஆனால் நான் மதிப்பது அந்த ஹெல்மெட் தட்டலைத்தான்.

இதற்கு எதிராக நீ ஒன்று சொல்லலாம். அதை நானே எடுத்துக் கொடுக்கிறேன். விளிம்பை அவ்வளவு நுட்பமாக அறிந்த கர்க்குக்கு, எந்தப் பந்தில் முறையிடலாம், எதில் வாயை மூடிக்கொள்ளலாம் என்பதும் நன்றாகத் தெரியாதா? தெரிந்திருக்கலாம். அப்படியானால் சீசனின் முதல் இரண்டு மாதங்களில் இருவரும் கேட்கும் முறையீடுகளை நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் குறித்துவைப்போம். எத்தனை கேட்டார்கள், எத்தனை வென்றார்கள் என்பதோடு, ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் கேட்டார்கள் என்பதையும் எழுது. முதல் இன்னிங்ஸில் வீணடித்தது வேறு, எட்டாவதில் தளங்களில் ஆள் நிறைந்திருக்கும்போது கேட்டது வேறு.

மனைவி உன் குடும்பத்தாரை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மகள், பழைய கேட்சர் கையுறையை எப்படிப் பதப்படுத்துவது என்று சேகர் மாமாவிடம் கேட்கச் சொல்கிறாள். உன் மகன் ஆடியவன்தானே, அவனிடம் கேட்டு எழுது. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விட்டுவிடாதே.

என்றும் உன் அன்பன்,
ரகு