பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான். அரசு வேலைத் தேர்வின் வரலாற்றுப் பகுதி பற்றி உன்னிடம் சில விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வரிசைப்படுத்தச் சொன்னால் ஆண்டைத் தேடித் தவிக்காதே. எது நடக்காமல் எது நடந்திருக்காது என்று யோசி. 1905-ல் வங்கத்தைப் பிரித்தார்கள், சுதேசி இயக்கம் வேகம் பிடித்தது. 1906-ல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கினார், 1908-ல் சிறைக்குப் போனார். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார், அந்த டிசம்பரில்தான் வங்கப் பிரிவினை ரத்தானது. முதலும் கடைசியும் பிடிபட்டாலே பாதி விடைகள் அடிபட்டுப் போகும்.

மணியாச்சியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பெயர்ப்பலகையைப் பார்த்து "வாஞ்சி யாருப்பா?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? வீடு வந்து சேரும்வரை நீ விடவில்லை. எட்டு வயதில் அப்படித் துருவிக் கேட்ட பிள்ளையை நம் தெருவில் நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைதான் பொங்கலுக்கு வராமல் இரண்டு வரி மெசேஜ் அனுப்புகிறது. சரி, அதை விடு.

கூற்று, காரணம் கேள்வியில் இரண்டுக்கும் நடுவே "ஏனென்றால்" என்று போட்டு வாசித்துப் பார். 1922-ல் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார், ஏனென்றால் 1921-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தார். இரண்டும் உண்மை, ஆனால் ஒட்டவில்லை. நிறுத்தியது சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தை எரித்ததால். "மட்டும்", "அனைத்தும்" என்று வந்தால் நின்று படி. "தவறானது எது" என்று கேட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார். நேரத்துக்குச் சாப்பிடு. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் சொல், சித்தி வீடு பக்கத்தில்தானே இருக்கிறது. தவறானது எது என்பதை அடிக்கோடு போட்டுவிட்டுப் படி, பாப்பா. நிறையப் பேர் அதில்தான் விடுகிறார்கள்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத வந்தது வேறு.

போன வாரம் அடுத்த வீட்டுப் பையன் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வந்தான். தெரியாததைத் தொடாதே என்று அவனுக்கும் சொன்னேன். "மாமா, இதில் தப்பான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள்" என்றான். சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில்தான் ஒரு தப்புக்கு அந்தக் கேள்வி மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போகுமாம். உன் குரூப் 2-விலும் கழிக்க மாட்டார்களாம். நான் எழுதிய காலத்து வங்கித் தேர்வில் மார்க் கழித்ததை மனதில் வைத்துக்கொண்டு, அந்தத் தேர்வுக்கு முந்தின இரவு போன் போட்டு உன்னிடம் என்ன சொன்னேன்? சந்தேகம் இருந்தால் ஐந்தாவது வட்டம், "விடை தெரியவில்லை", அதைக் கருப்பாக்கிவிட்டு வா என்று சொன்னேன். நீ என் பேச்சைக் கேட்டாய். 14 கேள்விக்கு அப்படிச் செய்ததாக அன்று சாயங்காலம் நீயே சொன்னாய். மூன்று மார்க்கில் தேர்ச்சி கை நழுவிப் போனது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க் என்றால் இரண்டே கேள்வி. அந்த 14-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தால்கூட மூன்று விடையாவது சரியாக வந்திருக்கலாம். வராத இரண்டு விடையை அடித்துவிட்டு மீதியில் ஒன்றைப் போட்டிருந்தால் ஏழுகூட வந்திருக்கும்.

அதற்கப்புறம் பெரியப்பா முன்னால் வைத்து, "இவளுக்குக் கவனம் போதாது" என்றும் சொன்னேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். உனக்கு அப்போதே தெரியும் அல்லவா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே, பாப்பா.

பெரியப்பாவிடம் நேற்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். அவள் இன்னும் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

அடுத்த தேர்வு எழுதுகிறாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. எழுதினால் ஒரு கேள்வியிலும் அந்த ஐந்தாவது வட்டத்தைத் தொடாதே. எழுதாவிட்டாலும் ஊருக்கு வா. கோவில்பட்டிக்கு எந்த ரயிலில் வந்தாலும் நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை எடு.

அன்புடன்,
அப்பா