ஊருணிக்குத் தண்ணீர் வரும் வழியை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் நகரை ஒட்டிய பட்டணம்காத்தான் பக்கம் வீடுகளும் கடைகளும் பெருகிவிட்டன. ஊர் வளர்வதில் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் பஸ்ஸும் பக்கத்திலேயே கிடைக்கிறதே. ஆனால் மனை போடுகிறவர்கள் முதலில் மூடுவது, ஊருணிக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலைத்தான். அப்புறம் மழை பெய்தாலும் தண்ணீர் ஊருணிக்குப் போக வழியில்லாமல் தெருவில் நிற்கிறது, வீட்டு வாசலில் ஏறுகிறது.

இது கடலோர மண். போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வரும். அதனால்தான் முன்னோர் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கிவைத்துக் குடித்தார்கள். இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கிறோம். எங்கோ குழாய் உடைந்தால் போதும், பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அலைகிறார்கள், இல்லாவிட்டால் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது சின்னக் காசா?

2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஆனால் எங்கள் தெருவில் பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, தொட்டி மண் அடைத்துக் கிடக்கிறது. சரி, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதிகாரிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வருவாய்த்துறை வரைபடத்தை வைத்து வரத்துக்கால்களை அளந்து, மூடியதைத் தோண்டி, சீமைக்கருவேலை வெட்டித் திறந்துவிட வேண்டும். ஊருணியில் சாக்கடை விடுவதையும் உடனே நிறுத்த வேண்டும்.

– ஒரு வாசகர், ராமநாதபுரம்