முழு வீடும் உன் பங்கு இல்லை

பள்ளத்தூர்,
கார்த்திகை, வியாழக்கிழமை

அன்புள்ள உமையாளுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். உடனே போனைத்தான் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். போனில் நீ "நல்லாத்தான் இருக்கேன் வள்ளி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய். எழுதினால்தான் உன்னால் நிஜத்தைச் சொல்ல முடிகிறது. பள்ளிக்கூடத்திலும் நீ அப்படித்தான். அதனால் நானும் எழுதுகிறேன்.

இங்கே நல்ல மழை. ஊருணியில் மேல்படி நாலுதான் வெளியே தெரிகிறது. வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவின் மேற்குப் பக்கத்து ஓட்டில் ஒழுகல் விழுந்து, கீழே தரையில் ஆத்தங்குடிக் கல் இரண்டு வரிசை கறுத்துப்போய்விட்டது. கொத்தனார் வந்து பார்த்துத் தொகை சொன்னார். வீட்டின் மற்ற எட்டுப் பங்குக்காரர்களுக்கும் எழுதிப் போட்டேன். ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள், மூன்று பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. இந்தப் பங்குக் கணக்கைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது. "தம்பி கல்யாணம் முறிஞ்சதுக்கு நான்தான் காரணம். என்னை யாரும் மனுஷியா மதிக்கலை. இனிமே விடியப்போறதில்லை." இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது. இந்த மூன்று வரியையும் நான் என் நோட்டில், என் கையெழுத்தில், கிட்டத்தட்ட இதே வரிசையில் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல். செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. வாய்விட்டுக் கேட்டால் சொல்பவருக்குப் பாரம்தான் குறைகிறது. தோன்றுகிறது என்றால் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு எனக்குப் போன் போடு, எந்த நேரமானாலும் சரி. இல்லாவிட்டால் 14416க்குப் போடு. அது டெலி மானஸ், அரசாங்கம் 2022இல் ஆரம்பித்தது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இனி, உனக்கு இதுவரை நான் சொல்லாத கதை. என் வீட்டுக்காரர், இவுக இறந்துபோன மறு வருஷம், ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து எழுந்தேன். கை மரத்தது, உடம்பெல்லாம் வேர்வை, மூச்சு பாதிக்குமேல் உள்ளே போகவில்லை. இவுகளுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். எதிர்வீட்டுப் பையன் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனான். ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் கோளாறு இல்லை. அங்கே இருந்த டாக்டர் தாளைப் பார்த்தபடியே "ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போங்க" என்றார். ஒன்றுமில்லாததற்கா ஒருத்தி அப்படித் துடிப்பாள்? அந்த மாதத்தில் இன்னும் மூன்று தடவை அதே மாதிரி வந்தது. அப்புறம் நான் முகப்பைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். கோலம் போடவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. பகலில் இரண்டாம் கட்டில் படுத்துக்கொண்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் நாத்தனார் மகன்தான் மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். அவர் முதலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொன்னார், தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம். அது சரியாக இருந்தது. மாத்திரை கொடுத்தார், பலன் தெரியச் சில வாரம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார். கூடவே சைக்காலஜிஸ்ட் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். என் மகள் வயதுதான் இருக்கும். வாரம் ஒரு தடவை, பதினாலு வாரம் போனேன்.

அந்தப் பெண் முதல் நாள் ஒரு கேள்வி கேட்டது. "அம்மா, நெஞ்சு படபடத்ததுக்கும் நீங்க பயந்ததுக்கும் நடுவுல மனசுல என்ன ஓடுச்சு?" அப்போதுதான் யோசித்தேன். படபடப்பு வந்தது, 'சாகப்போகிறேன்' என்று ஓடியது, அந்த நினைப்பில் பயம் ஏறியது, பயத்தில் படபடப்பு இன்னும் கூடியது, கூடியதும் 'பார், நிஜம்தான்' என்றாகிவிட்டது. செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம். நடுவில் இருந்த அந்த ஒரு நினைப்பை நான் நினைப்பு என்று பார்த்ததே இல்லை, நடப்பு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஆயாக்கள் சொன்னதும் இதைத்தான்.

பிறகு நோட்டு வாங்கச் சொன்னது. ஒரு பக்கத்தை அப்படியே உனக்கு எழுதுகிறேன். 'ராத்திரி 9.30. சிங்கப்பூருக்கு மூன்று தடவை போன் அடித்தேன், மகள் எடுக்கவில்லை. மனதில் ஓடியது: நான் அவளுக்குப் பாரமாகிவிட்டேன், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. நம்பிக்கை, நூற்றுக்குத் தொண்ணூறு. நெஞ்சடைப்பு, அழுகை.' அதற்குக் கீழே கோடு போட்டு, இதற்கு என்ன ஆதாரம் என்று எழுத வேண்டும். எழுதினேன்: போன வாரமும் ஒரு நாள் எடுக்கவில்லை, போன மாதம் பேசும்போது சலிப்பாகப் பேசினாள். அடுத்து, இதற்கு மாறாக என்ன ஆதாரம்? பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வந்தது: இங்கே ஒன்பதரை என்றால் அங்கே பன்னிரண்டு மணி. காலையில் அவளேதான் கூப்பிட்டு மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். தீபாவளிக்கு டிக்கெட் போட்டதும் அவள்தான். கடைசியில் எழுதியது: தூங்கியிருப்பாள். சலித்துக்கொண்டது உண்மை, அதனால் என்னை வேண்டாம் என்கிறாள் என்று ஆகாது. நம்பிக்கை, நூற்றுக்கு நாற்பத்தைந்து.

நன்றாகப் பார் உமையாள், நாற்பத்தைந்துதான். பூஜ்யம் ஆகவில்லை. ஆனால் அந்தப் பாதியில் எனக்குத் தூக்கம் வந்தது.

எழுத எழுத எனக்கு அப்பச்சி ஞாபகம்தான். மலேயாவில் ஈப்போவில், வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர்கள் அல்லவா? ஊருக்கு வந்தபிறகும் சீட்டு இல்லாத பற்று ஒன்றைப் பேரேட்டில் ஏற்றவிட மாட்டார்கள். யார் வந்து எவ்வளவு அடித்துச் சொன்னாலும், "சீட்டு எங்கே?" என்பார்கள். நான் அவர்களுக்குப் பிறந்துவிட்டு, 'நீ உதவாக்கரை, நீ பாரம்' என்று மனது சொன்னதையெல்லாம் ஒரு சீட்டும் கேட்காமல் வருஷக்கணக்கில் என் பேரில் பற்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த முறைக்குச் சிபிடி என்று பேர், எண்ணத்தையும் நடத்தையையும் சரிபார்க்கிற சிகிச்சை. இதை 1960களில் உருவாக்கியவர் ஆரோன் பெக், அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருந்த மனநல மருத்துவர். 1921இல் பிறந்து 2021இல், நூறு வயதில் இறந்தார். அவர் பிராய்டின் உளப்பகுப்பாய்வு வழியில் படித்தவர். மனச்சோர்வு என்பது உள்பக்கம் திரும்பிய கோபம் என்று அப்போது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை நிரூபிப்பதற்காக நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபம் அகப்படவில்லை. தோற்றுப்போனேன், இழந்துவிட்டேன், ஒதுக்கிவிட்டார்கள் என்பவைதான் திரும்பத் திரும்ப வந்தன. விழித்திருக்கும்போதும் அதே நினைப்புகள் கேட்காமலே தானாக ஓடுவதைக் கண்டார். தன்னைப் பற்றி ஒன்று, உலகத்தைப் பற்றி ஒன்று, வரப்போகும் காலத்தைப் பற்றி ஒன்று. உன் மூன்றாம் பக்கத்து மூன்று வரியை எடுத்துப் பார், வரிசை பிசகாமல் இருக்கும். தான் கற்றதற்கு ஆதாரம் தேடப் போய், ஆதாரம் வேறாக இருந்ததும் கற்றதை மாற்றிக்கொண்டாரே, அதற்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

"நல்லதையே நினை" என்று உன் வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கும் சொன்னார்கள். அது உதவாது, இன்னும் குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும், நல்லதை நினைக்கக்கூடத் துப்பில்லையே என்று. நான் கற்றுக்கொண்டது கெட்டதை மூடி நல்லதைப் பூசுகிற வேலை இல்லை. கணக்குச் சரிபார்க்கிற வேலை. சில நாள் சரிபார்த்தபிறகும் கெட்டது நிஜமாகவே இருக்கும். இவுக இல்லை என்பது நிஜம். அதற்கு அழுதேன், இப்போதும் அழுகிறேன். அந்த அழுகையை மாற்றச் சொல்லி அந்தப் பெண் ஒரு நாளும் சொல்லவில்லை.

இனி உன் விஷயம். "நான்தான் காரணம்" என்கிறாயே, இந்த வீட்டை நினைத்துப் பார். இத்தனை தூண், இத்தனை அறை. இதில் எனக்கு ஒன்பதில் ஒரு பங்கு. என் பங்குக்கு ஒழுகலுக்குப் பணம் கட்ட வேண்டும், கட்டாமல் விட்டால் தப்பு. ஆனால் முழு வீடும் என்னுடையது என்று நான் பத்திரம் எழுத முடியுமா? நீ எழுதிக்கொண்டிருக்கிறாய். ஒரு கல்யாணத்தின் முறிவு முழுவதையும் உன் ஒருத்தி பேரில் எழுதி வைத்திருக்கிறாய்.

ஒரு தாளில் வட்டம் போட்டுக்கொள். இதில் யார் யாருக்கு, எது எதற்குப் பங்கு உண்டு என்று பக்கத்தில் எழுது. உன் பெயரை மட்டும் கடைசியில் எழுது. முதலில் எழுதினால் நீயே முழு வட்டத்தையும் எடுத்துக்கொண்டு பேனாவை மூடிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். நீ எழுதியதை வைத்தே சொல்கிறேன். தம்பியும் கட்டிய பெண்ணும் முப்பது வயது தாண்டிய இரண்டு பேர், முதல் பங்கு அவர்களுடையது. அந்தப் பெண் மேலே படிக்க ஆசைப்பட்டதை அவர்கள் வீட்டில் உங்களிடம் சொல்லவில்லை. தம்பிக்கு ராத்திரி வேலை, ஒரு வீட்டில் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எட்டு மாதம். பார்த்த மூன்றே வாரத்தில் முடிக்கலாம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அவசரப்பட்டார்கள். இவ்வளவுக்கும் வெட்டிக் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் உன்னுடையது. நீயும் அவசரப்பட்டாய், தினம் போன் போட்டு விசாரித்தாய். அதை இல்லை என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். அந்தப் பங்குக்கு ஏதாவது செய்யலாம். தம்பியிடம் இரண்டாவது வரன் பற்றி இப்போதைக்கு வாயைத் திறக்காமல் இரு. அது போதும் என்று எனக்குப் படுகிறது.

"ஒரு விசேஷத்திலும் தலைகாட்ட முடியாது" என்கிறாய். காரைக்குடியில் போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற ஆச்சி என்னைப் பார்த்தும் பேசாமல் திரும்பிக்கொண்டார்கள். தாலி அறுத்தவள் எதற்கு முன்னால் வந்து நிற்கிறாள் என்று நினைக்கிறார்கள் என்றே மனதுக்குள் ஓடியது. சாப்பிடாமல் கிளம்ப இருந்தேன். பிறகு நானே பக்கத்தில் போய் "எப்படி இருக்கீக ஆச்சி" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு, கண்புரைக்கு ஆபரேஷன் நாள் குறித்திருக்கிறது, ஆள் அடையாளமே தெரியவில்லை என்றார்கள். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லவில்லை. சிலர் பேசத்தான் செய்வார்கள். ஆனால் அடுத்தவர் மனதுக்குள் ஓடுவதை நாமே எழுதி நாமே படிக்கிறோம், போய்க் கேட்பதில்லை.

இன்னொன்று, மனது தெளிந்தபிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காதே. நான் ஆறு மாதம் காத்திருந்தேன், வரவில்லை. அந்தச் சைக்காலஜிஸ்ட் பெண் சொல்லி, முதல் வாரம் முகப்புக் கதவைத் திறந்து வாசல் தெளிப்பது மட்டும் செய்தேன். ஆசையே இல்லாமல்தான். அடுத்த வாரம் நாலு புள்ளிக் கோலம். அதற்கடுத்து ஊருணி வரைக்கும் நடை. செய்யச் செய்யத்தான் ஆசை பின்னாலேயே வந்தது. வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி ஊறப்போட்டபோது, அளந்த அரிசியின் தலைக்குமேல் உளுந்தை எவ்வளவு வைக்கலாம் என்று யோசித்தேன். ஒரு வருஷத்தில் நான் ருசியைப் பற்றி நினைத்தது அதுதான் முதல் தடவை.

நீ இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை என்கிறாய், அதனால் டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள், அதில் ஒரு கேவலமும் இல்லை. நடுவில் நீயாக நிறுத்தாதே. எனக்கு எட்டு மாதம் கழித்து டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். எண்ணத்தைச் சரிபார்க்கும் பழக்கம் கையில் இருந்தால் மறுபடி வருவது குறைவு என்று சொன்னார். அதனால் நோட்டை நான் இன்னும் விடவில்லை. போன வாரம்கூட ஒழுகலைப் பார்த்ததும் 'வீடே இடியப்போகிறது' என்று ஓடியது, உட்கார்ந்து எழுதினேன்.

திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்புத் திரிக்குத் தினம் ஒரு நூல் இழை எடுத்து வைக்கிறேன். இன்றைக்கு ஆறாவது. இருபத்தொன்று சேர்வதற்குள் நீ இங்கே வந்துவிட வேண்டும். கருப்பட்டியும் பச்சரிசி மாவும் நான் தயார் செய்கிறேன், உனக்கும் ஒரு இழை மாவு பிடித்து வைப்பேன். டாக்டரைப் பார்த்துவிட்டு, அந்த வட்டம் போட்ட தாளையும் எடுத்துக்கொண்டு பல்லவன் ரயிலில் ஏறு. ராத்திரி எவ்வளவு நேரமானாலும் காரைக்குடி ஸ்டேஷனில் நான் நிற்பேன். உனக்குக் கிழக்குப் பக்கத்து அறையைத் துடைத்துப் போட்டிருக்கிறேன், அங்கே ஒழுகல் இல்லை.

உன் அன்பு,
வள்ளியம்மை